முதியோர் இல்லத்தில் டூட்டி சார்ட்டை மென்பொருளிடம் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையிலும் அதைச் சுற்றியும் இருக்கும் முதியோர் இல்லங்களில் டூட்டி சார்ட் பெரும்பாலும் இன்சார்ஜ் சிஸ்டரின் நோட்டிலும் நினைவிலும்தான் ஓடுகிறது. மென்பொருளுக்கு மாற நினைப்பவர்கள் செயலியை வாங்கியதும் பெயர்களை ஏற்றிப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். வரும் சார்ட் ஒரு வாரம்கூடத் தாங்காது. "கம்ப்யூட்டருக்கு நம்ம வேலை தெரியாது" என்று பழைய நோட்டுக்கே திரும்புகிறார்கள். நாம் எழுதிக் கொடுக்காத எதுவும் அதற்குத் தெரியாதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டிய வேலைகளே. 30 முதல் 60 பேர் வரை தங்கியிருக்கும் இல்லத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

கடந்த மூன்று மாத டூட்டி சார்ட், அதே மூன்று மாத வருகைப் பதிவேடு, இரண்டும் வேண்டும். சார்ட்டில் இருப்பதும் உண்மையில் நடந்ததும் ஒன்றாக இருக்காது. யார் எந்த நாளில் வரவில்லை, யார் டபுள் டூட்டி பார்த்தார் என்பது பதிவேட்டில்தான் இருக்கும்.

தங்கியிருப்பவர்களின் பட்டியலை அறை எண்ணோடு எடுங்கள். யார் படுக்கையில், யார் பிடித்தால் நடப்பார், யாருக்கு மூக்குக் குழாய் வழி உணவு, யாருக்கு இன்சுலின், யாருக்கு மறதி நோய் என்று குறித்தால் போதும். மென்பொருளில் பெயரோ நோய் விவரமோ ஏற வேண்டாம். அறை எண்ணும் வேலையின் வகையும் மட்டும் ஏறட்டும்.

இதோடு இன்சார்ஜ் சிஸ்டரின் நேரம். சார்ட் போடுகிறவரை விட்டுவிட்டு அலுவலகத்தில் இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து விதிகளை எழுதும் இடத்தில் இந்த முயற்சி நிச்சயம் தோற்கும்.

## 2. ஒரு நாளின் வேலையை மணி வாரியாக எழுதுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இதுதான். பழைய சார்ட்டில் காலை 5 பேர், மாலை 5 பேர், இரவு 2 பேர் என்று இருந்தால் அதையே மென்பொருளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கை ஒரு காலத்தில் இருந்த ஆட்களை வைத்துப் போட்டது. இன்று தங்கியிருப்பவர்களின் தேவை வேறாக இருக்கும்.

ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் கோடு போட்டுப் பிரியுங்கள். காலை 6 முதல் 9 வரை குளியல், டயபர் மாற்றுதல், இன்சுலின், காலை உணவு எல்லாம் ஒன்றாக வந்து விழும். மதியம் 2 முதல் 4 வரை கொஞ்சம் ஓய்வு. மாலை சாயும்போது மறதி நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போகணும் என்று வாசலுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் தேவை. பல சார்ட்டுகளில் அந்த நேரத்தில்தான் ஷிஃப்ட் மாறும், இருக்கிற எல்லோரும் ஹேண்டோவரில், அதாவது அடுத்த ஷிஃப்ட்டிடம் வேலையை ஒப்படைப்பதில், இருப்பார்கள்.

இரவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர்கள் 10 பேர். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைப் பத்திரமாகப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். துணி பார்த்து, நனைந்திருந்தால் மாற்றி முடிக்க ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 100 நிமிடம் ஆகிறது. அடுத்த சுற்று தொடங்க மிச்சம் 20 நிமிடம்தான். இரவு 2 பேர் மட்டும் இருந்தால் மணி அடிக்கிறவருக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள், அல்லது புரட்டுவது நின்றுபோகும். மூன்றாவது ஆள் ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். நிர்வாகத்திடமும் இதைக் காட்டலாம்.

## 3. ஷிஃப்ட் நேரத்தைப் பஸ்ஸோடும் ரயிலோடும் பொருத்துங்கள்

இல்லங்கள் பல தாம்பரத்துக்கு அப்பால், கூடுவாஞ்சேரிப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை, பூந்தமல்லி, திருநின்றவூர் என்று ஊரின் விளிம்பில் இருக்கின்றன. ஊழியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கட்டணமில்லாமல் போக முடிகிற சாதாரணக் கட்டண பஸ்ஸையும் மின்சார ரயிலையும் நம்பி வருகிறவர்கள்.

8 மணி நேர ஷிஃப்ட் மூன்றாகச் சமமாகப் பிரித்தால் ஏதோ ஒன்று இரவு பத்து, பத்தரைக்கு முடியும். தாளில் அழகாக இருக்கும். அந்த நேரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் ஓர் இல்லத்திலிருந்து ஒரு பெண் எப்படி வீடு போய்ச் சேருவார்? அந்த ஷிஃப்ட்டில்தான் லீவு அதிகமாக விழும். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழிகள் மூன்று. வண்டி வைத்து வீட்டில் விடலாம். தங்க இடம் கொடுக்கலாம். அல்லது இரவு ஷிஃப்ட்டை நீட்டி, மாலை ஷிஃப்ட்டை எட்டு, எட்டரைக்கு முடிக்கலாம். எது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஆள் கணக்கு இதைப் பொறுத்து மாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் குறைவு என்பதால் அன்றைய தொடக்க நேரத்தைத் தனியாகப் பாருங்கள்.

ஷிஃப்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கால் மணி நேரமாவது படிய வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்டோவர் வாசலில் செருப்பு மாட்டும்போது நடக்கும்.

## 4. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

மென்பொருள் ஆளை உண்டாக்காது. 16 பேரை வைத்துக்கொண்டு 19 பேர் வேலையை அடைக்கச் சொன்னால் அது மறுக்கும், அல்லது ஏதாவது விதியை மீறும்.

காலை 6, மாலை 5, இரவு 3 பேர் தேவை என்று வைப்போம். தினம் 14 டூட்டி, ஆண்டுக்கு 5,110. ஓர் ஊழியருக்கு 52 வார விடுமுறை போக 313 நாள். தற்செயல் விடுப்பு 12, பண்டிகை 9, உடம்பு சரியில்லாதது, ஊர் போவது எல்லாம் சேர்த்து 15 என்று கழித்தால் 277 நாள். 5,110ஐ 277ஆல் வகுத்தால் 18.4. அதாவது 19 பேர். விடுப்பு எண்களை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

இரவு ஷிஃப்ட்டை 11 மணி நேரமாக நீட்டினால் ஒருவரை வாரத்துக்கு 4 இரவுக்கு மேல் போடக்கூடாது. அப்படியும் 44 மணி நேரம் ஆகிவிடும். அப்போது 19 என்பது 21 ஆகும்.

16 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆண்டுக்கு 678 டூட்டி, வாரத்துக்கு 13 டூட்டி காலி. தினமும் கிட்டத்தட்ட இரண்டு டபுள் டூட்டி. இந்தப் பள்ளத்தை எந்தச் செயலியும் நிரப்பாது. ஆள் எடுப்பதா, லீவில் போகிறவருக்குப் பதிலாக வரும் ரிலீவர் வைப்பதா, படுக்கைகளைக் குறைப்பதா என்பதை இப்போது பேசித் தீர்க்க வேண்டும்.

12 மணி நேர ஷிஃப்ட்டாக இரண்டாக ஓட்டுகிற இல்லங்களில் இந்தப் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஆறு நாள் என்றால் அது 72 மணி நேரம். நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி, அதற்கு மேல் ஓவர்டைம் என்பதுதான் நம் தொழிலாளர் சட்டங்களின் பொதுவான அளவு. உங்கள் இல்லத்துக்குப் பொருந்துகிற விதியைத் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கி, அந்த எண்களையே மென்பொருளில் போடுங்கள். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஒரு மூதாட்டியைத் தூக்கி உட்கார வைக்கிறவரின் கை தளர்ந்திருக்கும் என்பது மாறாது.

## 5. ஆட்களின் பட்டியல்

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தகுதி, வாரத்துக்கு அதிகபட்ச மணி, வரமுடியாத நாட்கள், இரவு பார்ப்பாரா, தனியாக விடலாமா.

தகுதியைத் தெளிவாகப் பிரியுங்கள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் வேறு, ஏஎன்எம் (துணை நர்ஸ், மருத்துவச்சிப் பயிற்சி) படித்தவர் வேறு, பல வருடமாக வேலை பார்க்கும் ஆயாம்மா வேறு. எல்லோரையும் "ஸ்டாஃப்" என்று ஏற்றினால் ஒரு நாள் இரவு முழுக்க ஊசி போடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் சார்ட் வரும்.

புதிதாகச் சேர்ந்தவரைப் பாதி ஆளாகக்கூட எண்ண வேண்டாம். முதல் சில வாரங்கள் கூடுதல் ஆளாக மட்டும் போடுங்கள். அவரைக் கணக்கில் சேர்த்தால் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

காரணங்களை எழுதாதீர்கள். கர்ப்பம், முதுகு வலி, வீட்டுப் பிரச்சினை எதுவும் மென்பொருளில் ஏற வேண்டாம். "இரவு வேண்டாம்", "தூக்கும் வேலை வேண்டாம்" என்பது போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் தகவல் சேர்க்கக் கூடாது என்ற வழியிலேயே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், சொந்த விஷயம் எல்லோருடைய போனிலும் தெரியக்கூடாது.

## 6. விதிகளை இரண்டாகப் பிரியுங்கள்

மீறவே கூடாதவை ஒரு பக்கம். முடிந்தவரை பார்க்க வேண்டியவை மறுபக்கம். முதல் வகையில் ஒன்று உடைந்தாலும் மென்பொருள் அந்தச் சார்ட்டைத் தராது. இரண்டாம் வகைக்கு எண் கொடுத்தால், அதிக எண் உள்ளதை அதிகம் காப்பாற்றப் பார்க்கும்.

முதல் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்:

- எல்லா ஷிஃப்ட்டிலும் பதிவு பெற்ற நர்ஸ் குறைந்தது ஒருவர்.
- இரவு முடித்தவருக்கு அன்று காலையோ மாலையோ டூட்டி கிடையாது.
- இரண்டு டூட்டிக்கு நடுவில் 11 மணி நேர இடைவெளி.
- வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய ஆஃப்.
- பெண்கள் தங்கும் பகுதியில் எப்போதும் ஒரு பெண் ஊழியர்.

வருகிற தவறு என்னவென்றால், எல்லாவற்றையும் கட்டாயம் என்று போடுவது. "ரேவதிக்கு ஞாயிறு ஆஃப்", "காமாட்சிக்கு வெள்ளி காலை வேண்டாம், கோயில்" என்று இருபது கட்டாயங்கள் சேர்ந்தால் தீர்வே வராது. இவை இரண்டாம் பட்டியலில் இருக்க வேண்டியவை.

இரண்டாம் பட்டியலில் நான் அதிக எண் கொடுப்பது இரண்டுக்கு. ஒன்று, இரவுகள் எல்லோருக்கும் ஏறத்தாழ சமமாக வருவது. மாதத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒரு இரவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இன்னொன்று, மறதி நோய் உள்ளவர்களுக்குத் தெரிந்த முகமே திரும்பத் திரும்ப வருவது. தினம் ஒரு புது ஆள் சட்டையைக் கழற்ற வந்தால் அவர் பயந்துபோய் அடிக்கத்தான் செய்வார்.

ஷிஃப்ட் சுழலும் திசையையும் சேருங்கள். காலை, அப்புறம் மாலை, அப்புறம் இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு தாங்கும். திருப்பிப் போட்டால் தூக்கம் கெடும்.

## 7. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

இது ஏழாவது படியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது: மேலே உள்ள ஆறும் இருந்தால்தான் விற்பவரிடம் சரியான கேள்வி கேட்க முடியும்.

15 பேருக்குள் ஊழியர்கள் இருந்தால் கூகுள் ஷீட்டில் நல்ல அட்டவணையே போதுமானது. பணத்தை மிச்சம் பிடியுங்கள். அதற்கு மேல் போனால் மாதச் சந்தாவில் கிடைக்கும் செயலிகள் உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவர் யாராவது உதவினால் டைம்ஃபோல்ட், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் போன்ற திறந்த மூல நிரல்கள் இதே வேலையைச் செய்யும். ஓஆர்-டூல்ஸின் விளக்கப் பக்கங்களில் நர்ஸ் டூட்டி போடுவதே ஓர் எடுத்துக்காட்டாக இருக்கிறது.

கேட்க வேண்டியவை: நான் கையால் போட்ட ஒரு கட்டத்தைப் பூட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் போடுமா? சார்ட் வராவிட்டால் எந்த விதி இடிக்கிறது என்று சொல்லுமா? தமிழில் பெயர் அச்சாகுமா? எல்லாத் தரவையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல்லாக எடுக்கலாமா? முதல் இரண்டுக்கு "இல்லை" என்றால் வாங்காதீர்கள். பூட்டும் வசதி இல்லாத செயலி, ஒருவர் லீவு போட்டதற்கு முப்பது பேரின் சார்ட்டையும் மாற்றிப்போடும்.

## 8. முதல் ஓட்டம்

நான்கு வாரத்துக்குப் போடுங்கள். அதற்கு முந்தைய வாரத்தின் உண்மையான டூட்டியையும் ஏற்றிப் பூட்டுங்கள். இதை விட்டால், 31ஆம் தேதி இரவு பார்த்தவரை 1ஆம் தேதி காலை வரச் சொல்லும். அதன் கணக்கில் மாதம் அன்றுதான் தொடங்குகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரிடமும் நான் பார்க்கும் தவறு இது.

"தீர்வு இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். முதலில் நர்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஒரு நர்ஸ் என்றால் வாரத்துக்கு 21 டூட்டி. உங்களிடம் இருப்பது 3 நர்ஸ், ஆளுக்கு 6 நாள், மொத்தம் 18. எப்படிப் போட்டாலும் வராது. கையால் போட்ட சார்ட்டில் அந்த மூன்று டூட்டியும் யாருடைய ஆஃபையோ தின்றுகொண்டுதான் இருந்திருக்கும். நர்ஸ் கணக்கு சரியாக இருந்தால், கட்டாய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்ததும் தீர்வு வருகிறதோ அங்கேதான் இடிக்கிறது.

## 9. ஒரு மாதம் பழைய சார்ட்டோடு பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள்

இந்த மாதம் நடைமுறையில் இருப்பது இன்சார்ஜ் சிஸ்டரின் சார்ட்தான். மென்பொருள் போட்டதை அவர் கையில் கொடுத்து, "சிஸ்டர், இதுல எது சரிப்படாது?" என்று கேளுங்கள். அவர் அடிக்கும் ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கேயும் எழுதாமல் இருந்த விதிகள் அப்போதுதான் வெளியே வரும். 12ஆம் அறை அம்மா தெலுங்குக்காரர். மறதி முற்றியதில் தமிழ் போய்விட்டது, தெலுங்கு பேசுகிறவர் யாராவது பகலில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட இரண்டு ஊழியர்களை ஒன்றாக இரவில் போட்டால் பேச்சுவார்த்தை இருக்காது. இன்னொரு ஊழியர் நல்ல ஆள், ஆனால் குழாயில் உணவு கொடுக்க இன்னும் கை வரவில்லை.

சில கோடுகளுக்குக் காரணம் வராது. "எப்பவும் அவங்கதான் சார் ஞாயிற்றுக்கிழமை நைட்" என்பார்கள். அங்கே நிதானமாகப் பேசுங்கள். கேட்கத் தெரியாத ஒருவர் மேல் நெடுநாளாக விழுந்துகொண்டிருக்கும் சுமையாக அது இருக்கலாம்.

## 10. வெளியிடுங்கள்

குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். குழந்தையை யாரிடம் விடுவது என்று வீட்டில் ஏற்பாடு செய்ய அவ்வளவு நாள் தேவை.

பெரிய தாளில், தமிழில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரதி. வாட்ஸ்அப்பில் அதன் படம். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால் ஷிஃப்ட்டுக்கு எழுத்தோடு நிறமும் கொடுங்கள். தாளின் மூலையில் வெளியிட்ட தேதியைப் போடுங்கள். இல்லாவிட்டால் போனில் இருக்கும் பழைய படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் வராமல் போவார்.

## 11. மாற்றிக்கொள்வதும் திடீர் லீவும்

"அக்கா, நாளைக்கு நான் உங்க டூட்டி பாத்துக்கிறேன்" என்று இருவர் பேசி முடித்துக்கொள்வதைத் தடுக்க வேண்டாம். நர்ஸுக்கு நர்ஸ், ஆயாவுக்கு ஆயா என்று ஒரே தகுதிக்குள் இருக்க வேண்டும். இன்சார்ஜ் ஏற்றிய பிறகே செல்லும். அந்த இரண்டு நிபந்தனை போதும்.

திடீர் லீவுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற வரிசையைச் சார்ட்டோடு சேர்த்தே அச்சடியுங்கள். இந்த மாதம் டபுள் டூட்டி குறைவாகப் பார்த்தவர் முதலில். இரவு முடித்து வீட்டுக்குப் போனவரைக் கூப்பிடவே கூடாது. வரிசை இல்லாவிட்டால் எப்போதும் மறுக்காமல் வருகிற ஒருவருக்கே போன் போகும், சில மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விடுவார்.

## 12. பண்டிகையும் மழையும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பொங்கலுக்கு ஜனவரி 13இல் கிளம்ப நவம்பர் நடுவிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். ஆகவே பொங்கல் விடுப்புப் பட்டியலை அக்டோபர் கடைசிக்குள் முடித்து, மென்பொருளில் பூட்டிவிடுங்கள். டிக்கெட் எடுத்தவரிடம் டிசம்பரில் லீவு இல்லை என்றால் அவர் போகத்தான் போவார். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் இவற்றில் போன ஆண்டு யாருக்கு எது கிடைத்தது என்பதும் உள்ளே இருக்கட்டும்.

மழைக்குத் தனிச் சார்ட் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சார ரயில் நின்றது, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் சூழ்ந்தது. அந்த நாட்களில் எந்த மென்பொருளும் ஆளைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே அக்டோபருக்கு முன்பே இரண்டு குழுக்களைக் குறியுங்கள். நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் ஒரு குழு. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே வந்து தங்கச் சம்மதித்தவர்கள் இன்னொரு குழு. தங்குகிறவர்களுக்குப் படுக்கை, சாப்பாடு, கூடுதல் சம்பளம் எவ்வளவு என்பதை முன்பே எழுதிச் சொல்லுங்கள். மழை நின்றதும் அவர்களுக்கு ஆஃப் கொடுக்கும் நாட்களையும் அந்தச் சார்ட்டிலேயே போட்டுவையுங்கள்.

## 13. மாத முடிவில்

நான்கு எண்களை எடுங்கள்: ஆளுக்கு எத்தனை இரவு, எத்தனை டபுள் டூட்டி, வெளியிட்ட பிறகு எத்தனை மாற்றம், சார்ட்டுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் எத்தனை இடத்தில் வித்தியாசம். முதல் இரண்டை எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். மாற்றங்கள் ஒரே ஷிஃப்ட்டில் குவிந்தால் அந்த நேரத்தில்தான் கோளாறு. மூன்றாம் படிக்குப் போங்கள்.

அப்புறம் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, கீழே விழுந்தவை, புதிதாக வந்த படுக்கைப் புண், தவறிய மருந்து இவற்றை மணி வாரியாக இரண்டாம் படியின் தாளில் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் புள்ளிகள் சேர்ந்து நின்றால், அடுத்த நான்கு வாரத்துக்கு அங்கே ஓர் ஆளைக் கூட்டிப் போட்டு மீண்டும் ஓட்டுங்கள்.